கம்பியில்லாக் காதுக் கருவி: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



துணிமணி, மளிகை, அத்தர் என்று வியாபாரம் செய்துவந்த நம்மவரில் பலர் இன்று கைப்பேசிச் சாமான்களையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்து விற்கிறோம். அவற்றுள் சீக்கிரம் விலைபோவது 'இயர்பட்ஸ்' என வழங்கும் கம்பியில்லாக் காதுக் கருவி. சீக்கிரம் திரும்பி வருவதும் அதுவேதான். "ஒரு பக்கம் கேட்கவில்லை", "போனில் பெயரே வரவில்லை", "பாட்டு விட்டு விட்டு வருகிறது" என்று வாடிக்கைக்காரர் வந்து நிற்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? நம்மில் அநேகர், "மலிவுச் சரக்கு, அவ்வளவுதான். வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அடியேனும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரு வாடிக்கைக்காரரால் தெரிந்துகொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு ஒரு பெரியவர் வருவதுண்டு. அடுக்குமாடி ஒன்றில் இரவு ஜாகா வேலை பார்ப்பவர். என் கடையில்தான் ஒரு ஜோடி இயர்பட் வாங்கியிருந்தார். நாலு மாதம் கழித்து, கடையில் கூட்டம் நெருக்கும் சாயங்கால வேளையில் அதைக் கொண்டுவந்து, "பாய், இது ஒரு காதிலேயும் கேக்கல. போனும் இதக் காட்ட மாட்டேங்குது" என்றார். இரண்டு நிமிஷம் பார்த்தேன். "செத்துப்போச்சு ஐயா" என்று தீர்ப்புச் சொல்லி, 79 வெள்ளிக்கு வேறொன்றை விற்றுவிட்டேன். பழையதை அவர் கடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு கடை அடைக்கும் நேரத்தில் எங்கள் கடைப் பையன் அதை எடுத்து, பெட்டியின் பின்புறப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினான். விளக்கு மினுக்கியது. அவன் போனில் பெயர் வந்தது. இரண்டு பக்கமும் பாட்டு நன்றாகக் கேட்டது. கருவிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அது தெரியாமற் போனதற்கு அந்தப் பெரியவர் 79 வெள்ளி கொடுத்திருக்கிறார். அதன் பிறகுதான் இந்தக் கருவியின் சூத்திரத்தை முறையாகக் கற்றுக்கொள்ள முற்பட்டேன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆகையால் எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்லுகிறேன்.

புளூடூத் என்பது என்ன?

இதன் ஆரம்பம் சுவீடன் தேசம். அங்கே லுண்ட் நகரில் எரிக்சன் கம்பெனியின் பொறியியலாளர்கள், கைப்பேசியையும் அதன் துணைக் கருவிகளையும் கம்பியின்றிச் சிறு தூர வானொலி அலையால் சேர்க்கும் வேலையை 1994இல் தொடங்கினார்கள். 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் ஆகிய ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து அதற்கென ஒரு பொதுச் சங்கம் அமைத்தன. ஹரால்ட் புளூடூத் என்பவர் பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ராஜா. பிரிந்து கிடந்த ஜனங்களை ஒன்று சேர்த்தவர் என்று அவருக்குப் பேர். பலவிதக் கருவிகளை ஒன்று சேர்க்கும் இம்முறைக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். 2016இல் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனில் இயர்போன் செருகும் துவாரத்தை எடுத்துவிட்டு 'ஏர்பாட்ஸ்' என்னும் கருவியை வெளியிட்டபின், கம்பியில்லாக் கருவி உலகெங்கும் பரவிற்று.

'பேரிங்' என்பது கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதுவது

போனையும் காதுக் கருவியையும் முதன்முதல் இணைப்பதைத்தான் 'பேரிங்' என்கிறோம். நம் கடைப் பழக்கத்தை வைத்தே இதனை விளங்கிக்கொள்ளலாம். புது ஆள் ஒருவருக்குக் கடன் கொடுக்குமுன் பெயரும் விலாசமும் கேட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறோம். அவரும் தம் சிட்டைப் புத்தகத்தில் நம் கடையை எழுதிக்கொள்கிறார். மறுநாள் வந்தால் விசாரணை கிடையாது. முகத்தைப் பார்த்ததும் சாமான் கட்டுகிறோம். இங்கும் அப்படியே. முதல் நாளில் போனும் கருவியும் ஓர் இரகசியச் சாவியைப் பங்கிட்டு, இருவர் புத்தகத்திலும் பதிந்துகொள்கின்றன. மறுமுறை பெட்டியைத் திறந்தவுடன் ஒன்றையொன்று அறிந்து தாமே சேர்ந்துகொள்கின்றன.

இப்பொழுது கோளாறு எங்கே பிறக்கிறது என்பது தெளிவாகும். ஒரு புத்தகத்தில் பெயர் இருந்து மற்றதில் அடிபட்டுப் போனால் கணக்கு ஒத்துவராது. ஜாகாப் பெரியவர் வீட்டில் நடந்தது அதுதான். அவருடைய பேரன் கருவியைத் தன் போனில் சேர்த்துக்கொண்டான். பாட்டு நடுவில் தாத்தாவின் போனுக்குத் தாவாமலிருக்க, தாத்தா போனிலிருந்து அதன் பெயரையும் அழித்துவிட்டான். கருவியோ, தெரிந்த போனை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது. புது ஆளுக்குக் கதவு திறக்கவேண்டுமானால் பொத்தானை அழுத்தவேண்டும் என்பது பெரியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இணைக்கும் முறை

முதலில் பெட்டியையும் கருவிகளையும் அரைமணி நேரமாவது சார்ஜ் செய்க. இதற்குமுன் இணைத்திருந்த பிற போன்களின் புளூடூத்தை அணைக்கச் சொல்லுக. பக்கத்து அறையிலுள்ள மகனின் போன் கருவியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். பின்பு இரண்டு கருவிகளும் பெட்டியில் இருக்க, மூடியைத் திறந்து, பெட்டியிலுள்ள பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்துக. பொத்தான் இல்லாத ஜாதிகளில் கருவியின் மேல்புறத்தையே விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். எத்தனை விநாடி, என்ன நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகையால் பெட்டிக்குள் வரும் சிறு தாளை எறிந்துவிடாமல், ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தாளைக் கடையில் கோத்து வையுங்கள்.

மினுக்கத் தொடங்கியதும் போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, வரும் பெயரைத் தொடுக. முன்பே அதே பெயர் இருந்து சேரவில்லையானால், முதலில் அதை 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுத்து அழிக்கவேண்டும். அது போனின் புத்தகத்தில் பெயரை அடிப்பது. அதற்கும் சரிவராவிட்டால் கருவியை 'ரீசெட்' செய்யவேண்டும். அது கருவியின் புத்தகம் முழுவதையும் வெள்ளைத் தாளாக்குவது. இரண்டையும் செய்து புதிதாக எழுதினால், 'செத்துப்போனது' என்று கொண்டுவரும் பலவும் உயிர் பெறுவதைக் காண்பீர்கள்.

திரும்பி வரும் குறைகளும் காரணங்களும்

ஒரு பக்கம் மட்டும் கேட்பது: முதலில் பெட்டியின் உள்ளே பாருங்கள். கருவிக்குச் சார்ஜ் ஏறுவது சிறு பொன்னிறப் புள்ளிகளின் வழியாக. வியர்வையும் காதுக்குறும்பியும் அவற்றில் படிந்தால் அந்தப் பக்கம் சார்ஜ் ஏறாது. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைக்கவேண்டும். அழுக்கு போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிடவேண்டும். இரண்டாவது, ஒலி வரும் வலையில் குறும்பி அடைத்திருக்கலாம். மெல்லிய தூரிகையால் கீழ்நோக்கித் தட்டித் துடைக்கலாமேயன்றி ஊசியால் குத்தலாகாது. மூன்றாவது, போனின் அமைப்பில் ஒலிச் சமநிலை ஒருபக்கமாகத் தள்ளப்பட்டிருக்கலாம். இதை அறிய, கருவியை வேறொரு போனில் சேர்த்துப் பாருங்கள். அங்கே இரண்டும் கேட்டால் குற்றம் போனில்தான். நான்காவது, இடமும் வலமும் தங்களுக்குள் வைத்திருக்கும் தொடர்பு அறுந்திருக்கலாம். இரண்டையும் பெட்டியில் வைத்து ரீசெட் செய்வதே அதற்கு மருந்து.

சேர்ந்தும் ஒலி வராதது: போனின் புளூடூத் பக்கத்தில் கருவியின் பெயருக்குள் சென்றால், தொலைபேசி அழைப்புக்கு ஒன்றும் பாட்டுக்கு ஒன்றுமாகத் தனித்தனிச் சுவிச்சுகள் பல போன்களில் உண்டு. பாட்டுக்குரியது அணைந்திருந்தால் அழைப்பு மட்டுமே கேட்கும். ஒலியளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்க.

பேசும்போது ஒலி தரம் குறைவது: இது பழுது அன்று. பழைய முறை புளூடூத்தில், பாட்டு ஒரு வழியாக மட்டும் வருகிறது. பேசும்போதோ அதே சிறு பாதையில் குரல் போகவும் வரவும் வேண்டியிருக்கிறது. ஆகவே ஒலியின் தரம் தாழ்கிறது. கணினியில் வகுப்புக் கேட்கும் பிள்ளைகள் இதையே பெருங்குறையாகச் சொல்லி வருவார்கள். கணினியில் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என இரண்டு பெயராகக் கருவி தோன்றினால், பாட்டுக்கு முன்னதைத் தேர்ந்து, பேசுவதற்குக் கணினியின் சொந்த மைக்கை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒலி விட்டு விட்டு வருவது: புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையில் ஒரு பகுதியும் அங்கேதான் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. நெரிசலைத் தப்புவதற்காகப் புளூடூத் அந்த வரிசையை 79 பாதைகளாகப் பிரித்து, விநாடிக்கு 1600 தடவை பாதை மாறுகிறது. அப்படியிருந்தும், சாயங்காலம் கேஎல் சென்ட்ரலில் ஆயிரக்கணக்கானோர் கைப்பேசியும் கருவியுமாக நெருக்கி நிற்கையில் சற்றுத் தடுமாறத்தான் செய்யும். இன்னொன்று, இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மனித உடம்போ பெரும்பகுதி தண்ணீர். போனைப் பின் பாக்கெட்டில் வைத்தால் உடம்பே இடையில் சுவராகிறது. சட்டைப் பைக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் குணம் தெரியும். திறந்த வெளியில் பத்து மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தால், சுவருக்கு அப்பால் அதை எதிர்பார்க்கக்கூடாது.

படத்தில் வாய் முந்தி ஒலி பிந்துவது: ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபுறம் விரிப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. விளையாட்டுப் பிரியர்களுக்கு இது பெரிதாகத் தெரியும். 'கேம் மோட்' உள்ள ஜாதியைக் காட்டுங்கள். இல்லையென்றால், கம்பி இயர்போனே உத்தமம் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

பெட்டியே சார்ஜ் ஏறாதது: இது நம் கடைகளில் பலரும் அறியாத சூட்சுமம். மலிவான சில பெட்டிகளில் சி வகைத் துவாரம் இருந்தும், அதற்குள் இருக்கவேண்டிய சிறு மின்தடைகளை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இருபுறமும் சி உள்ள கம்பியைச் செருகினால் சார்ஜர் மின்சாரம் தராது. ஒருபுறம் பழைய அகன்ற ஏ வகையும் மறுபுறம் சி வகையும் உள்ள கம்பியைச் செருகினால் ஏறும். இதை அறியாமல் நல்ல பெட்டியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

மெய்யாகவே செத்துப்போவது எப்பொழுது?

கருவிக்குள் இருப்பது மிகச் சிறிய லித்தியம் மின்கலம். சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியபின் அதன் சக்தி குன்றும். தினமும் உபயோகிப்பவருக்கு இரண்டு மூன்று வருஷத்தில், முன்பு நாலு மணி நேரம் கேட்டது இரண்டு மணியாகும். அது ஏமாற்று அன்று, அதன் ஆயுசு. ஆனால் நம் குற்றத்தாலும் அது சாவதுண்டு. ஒரு வருஷமாக அலமாரியில் விலைபோகாமல் கிடந்த சரக்கில் மின்கலம் முற்றும் வறண்டு, பிறகு ஏற்ற முடியாமற் போகும். விலைபோகாத சரக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதியளவு சார்ஜ் செய்து வையுங்கள். வெயிலில் நிற்கும் வேனுக்குள் சரக்கை விட்டு வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் வாக்குக் கொடுக்குமுன் அட்டையைப் படியுங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அரைமணி நேரம். இரண்டிலும் எக்ஸ் என்பது, தூசிக்குப் பரீட்சை செய்ததாகச் சொல்லவில்லை என்பதைக் குறிக்கும். நான்காம் எண் கருவியை "வாட்டர்புரூஃப்" என்று விற்பது பொய். ஒளூ செய்யுமுன் கழற்றி உலர்ந்த பையில் போடவேண்டும் என்றும், ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடக்கூடாது என்றும் நம் வாடிக்கைக்காரருக்குச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரம் பொன்னிறப் புள்ளிகளை அரித்துவிடும்.

மின்கலம் உப்பிப்போன கருவியையோ பெட்டியையோ குத்தவும் கூடாது, சாதாரணக் குப்பையில் எறியவும் கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. இந்நாட்டில் 2005ஆம் வருஷத்து விதிகளின்படி மின்சாதனக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற இலக்கத்தில் தனிக் கழிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்கவேண்டும்.

சட்டமும் நம் சொல்லும்

சரக்கு எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்கலாகாது. மலேசியாவில் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் சான்று பெற்றிருக்கவேண்டும். அதற்கு அடையாளம் சிரிம் சான்றும் எம்சிஎம்சி முத்திரையும். மேலும், பேர்பெற்ற கம்பெனியின் பெயரைப் போன் திரையில் காட்டுவதனாலேயே ஒன்று அசலாகிவிடாது. போலிகள் அதையும் காட்டும். போலியை அசலென்று விற்பது 2011ஆம் வருஷத்து வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம்.

"விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது" என்று நம் கடைகளில் பலகை தொங்குகிறது. 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பைப் பலகை எழுதித் தட்டிக் கழிக்க முடியாது. வாடிக்கைக்காரர் ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கை அம்மன்றம் விசாரிக்கும். 79 வெள்ளிச் சாமானுக்காக அங்கே போய் நிற்பது எந்தக் கடைக்காரருக்கும் அழகன்று.

ஆகையால் என் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விற்கும்போதே பெட்டியைப் பிரித்து, வாடிக்கைக்காரர் போனில் சேர்த்து, இடது வலது இரண்டையும் அவரையே கேட்கச் செய்கிறேன். பிறகு பெயரை அழித்து, மறுபடி சேர்க்கும் விதத்தை அவர் கையாலேயே ஒருமுறை செய்யவைக்கிறேன். ரசீதில் தேதியும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுதுகிறேன். ஆறு நிமிஷம் ஆகிறது. திரும்பி வந்தால், இன்னொரு போனில் சேர்த்துப் பார்க்காமல் 'செத்துப்போச்சு' என்ற வார்த்தையை நானும் சொல்வதில்லை, கடைப் பையனையும் சொல்லவிடுவதில்லை.

அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அவர் வேலை பார்க்கும் அடுக்குமாடியின் பெயர் எனக்குத் தெரியாது. நாலைந்து வாசல்களில் விசாரித்து, ஓர் இரவு அவரைக் கண்டேன். பழைய கருவியையும் 79 வெள்ளியையும் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். பணத்தை எண்ணிப் பைக்குள் வைத்தார். புதியதையும் திருப்பிக் கொடுத்தார். கோபம் இல்லை. பழையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொத்தான வாங்குன அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே பாய்" என்றார்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினொரு நாள் உபயோகித்த அந்தப் புதியதை 'திறந்த பெட்டி' என்று எழுதி, விஷயத்தைச் சொல்லி, 50 வெள்ளிக்கு விற்றேன். நஷ்டத்தை என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.